அந்தோணியாரிடம் தோல்வி கேட்ட ஒன்பது நாள்

என் வயதுக்காரர்களே, வேண்டியது கிடைக்கவில்லையே என்று நீங்களெல்லாம் எப்போதாவது சாமியைக் கோபித்துக்கொண்டிருப்பீர்கள். நான் கோபித்துக்கொண்டதே இல்லை. ஒன்பது வயதில் நான் வேண்டிய ஒன்று, வேண்டியபடியே கிடைத்துவிட்டது. அப்போது பிடித்த பயம் எழுபதைத் தொட்டும் முழுசாக விடவில்லை. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சாம்பிராணிப் புகையில் கண் எரிய முழங்காலில் நின்று, புரியாத லத்தீனுக்கு ஆமென் சொல்லி வளர்ந்த உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

அறுபதுகளில் ஒரு கோடை. செஞ்சியில் எங்கள் கோயில் தெருவுக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற ஊருக்குப் பந்து எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தக் காலத்துச் சாமியாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. கோட்டை மதிலுக்கு வெளியே, வெயிலில் வற்றிப்போகிற ஏரியின் ஓரம்தான் மைதானம். கிழக்கு கோலுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு பாறை கிடந்தது, ஓரம் மட்டும் கூர்மை. பெண்டுகளும் பிள்ளைகளும் அதன்மேல்தான் உட்காருவோம். பாவாடையைத் தாண்டிச் சூடு தொடையில் ஏறும். எழுந்தால் இடம் போய்விடும் என்று யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

டீமுக்கு மேனேஜர் எங்கள் உபதேசியார். எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், சாமியார் ஊரில் இல்லாத நாளில் ஜெபம் நடத்துபவர். பந்து அவர் வீட்டில், நெற்குதிருக்கு மேலேதான் இருக்கும். நாடா கட்டிய தோல் பந்து. சனிக்கிழமைதோறும் அதற்கு ஆட்டுக் கொழுப்பு தடவி வெயிலில் வைப்பார். அந்த வாசனைக்குத் தெரு நாய்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும், அவர் ஒரு குச்சியோடு காவல் இருப்பார். வீட்டுக்கு ஒருத்தன் ஆட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். கால் இருக்கிறதோ இல்லையோ, வீடு இருந்தால் போதும். பாதி ஆட்டத்தில் எலுமிச்சம் பழத்தை நாலாக நறுக்கி, உப்பில் தோய்த்து, ஆளுக்கு ஒன்று வாயில் வைப்பார். எதிர் டீம்காரனுக்கும் வைப்பார். இப்படி ஆடினால் ஜெயிப்பது எங்கே? அந்தோணியார் திருநாளுக்கு நடக்கும் பந்தயத்தில் மூன்று வருடமாகக் கடைசி ஆட்டத்தில் அவலூர்பேட்டையிடம் தோற்றோம். ஆனாலும் தெரு அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். ஒவ்வொரு தோல்விக்கும் தொண்டை கட்டி மூன்று நாள் சைகையிலேயே எடை சொல்வார்.

அந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு புதுச் சாமியார் வந்தார். இளவயது, குருமடத்தில் பந்து ஆடியவராம். ஒரு ஞாயிறு பிரசங்கம் முடித்து, கல்யாண ஓலை வாசிக்கிற அதே குரலில் சொன்னார்: இன்றிலிருந்து டீமுக்கு மேனேஜர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். உபதேசியார் அப்போது காணிக்கைத் தட்டோடு பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கே அது அப்போதுதான் தெரியும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. தட்டு என் அம்மாவின் முன்னால் அப்படியே நின்றது. அம்மா போட்ட பிறகும் நகரவில்லை. பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பந்தை எடுத்து வந்து, கொழுப்பு டப்பாவையும் சேர்த்து டிரில் மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

டிரில் மாஸ்டர் தெற்கத்திக்காரர். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டை, கழுத்தில் ஊதல். முதல் நாளே ஐந்து பேரை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டு, “தம்பிகளா, உங்களுக்கு ஆட்டம் வராது, வீட்டுக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார். ஐந்து வீடு அன்று சோறு தின்னவில்லை. அதைவிடப் பெரிய அநியாயம் என் அண்ணனுக்கு நடந்தது. பதினேழு வயது அவனுக்கு. முன்வரிசையில் ஓடி கோல் போடுகிறவன், தெருவுக்கே செல்லப் பிள்ளை. அவனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, “உனக்குக் கை நீளம்டா, கோலியா நில்லு” என்று கம்பங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் ஓட முடியாதவனைத்தான் கோலியாக நிறுத்துவார்கள்.

“வண்டி மாட்டை அவுத்துக் கொல்லையில கட்டிட்டான்யா” என்று நைனா அன்று முழுக்கப் பொருமினார்.

சரி, போய்ச் சாமியாரிடம் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். யார் கேட்பது? கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர் வந்து மந்திரிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சாமியாரை எதிர்த்துப் பேசினால் கல்லறையில் இடம் கிடைக்காது என்று பெரியவர்களே நம்பினார்கள். நேராகக் கேட்கப் பயந்த தெரு சுற்றிப் போய்க் கேட்க ஒரு வழி கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் டீமுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் தையல்காரர்.

“காணாம பூட்டதக் கண்டுபுடிச்சிக் குடுக்கறவரு யாரு? அந்தோணியாரு. நாம இன்னாத்தத் தொலைச்சிட்டு நிக்கறோம்? மேனேஜரத் தொலைச்சிட்டு நிக்கறோம். ஒம்போது நாளு நவநாளு வெச்சி அவருகிட்டயே கேட்டுருவோம்.”

“எப்படிக் குடுப்பாரு?” என்றார் நைனா.

“டீமு தோத்தாப் போதும் மாமா. சாமியாரே கூப்ட்டுக் குடுத்துருவாரு.”

அம்மா மட்டும் ஒப்பவில்லை. “தான் பெத்த புள்ள தோக்கணும்னு எவளாச்சும் மெழுவத்தி ஏத்துவாளா?” என்றாள். “புள்ள தோக்கணும்னா கேக்கறோம்? அந்தாளு தோக்கணும்னு கேக்கறோம்” என்றார் நைனா. இரண்டும் வேறு வேறு என்று அவர் மனதார நம்பினார். கடைசியில் அம்மாவும் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். அவள் உதடு அசைந்தது. என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

தெருக்கோடியில் அந்தோணியார் குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில். சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாரும் அங்கே கூடுவோம். மெழுகும் மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசனை அடிக்கும். இரண்டாம் நாள் புதுச் சாமியார் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். தெருவே டீமுக்காக முழங்காலில் நிற்கிறதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி, எங்களோடு மண்ணில் முழங்கால் போட்டார். “நம்ம பிள்ளைகளுடைய வெற்றிக்காக” என்று உரக்கச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் ஆரம்பித்தார். அப்புறம் தையல்காரர் தொண்டையைக் கனைத்து ஆரம்பிக்க, எல்லாரும் சொன்னோம். எனக்கு அன்றுதான் முதலில் பயம் பிடித்தது. பொய்ச் சாட்சிக்கு நரகம் என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மூன்றாம் நாள் அனந்தபுரத்தோடு ஆட்டம். ஜெயித்துவிட்டோம். அண்ணன் கைக்கு வந்த பந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஊதல் ஊதியதும் எங்கள் பக்கம் எழவு வீடு மாதிரி இருந்தது. நைனா பழக்கதோஷத்தில் ஒருமுறை கைதட்டிவிட, தையல்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். ஆடிவிட்டு வந்த பையன்கள் எங்களையே பார்த்துக்கொண்டு போனார்கள். ஆறாம் நாள் மேல்மலையனூர் பக்கத்து டீம். அதையும் ஜெயித்தோம். அண்ணன் இடது பக்கம் போகிற பந்துக்கு வலது பக்கத்திலிருந்து பாய்ந்து விழுந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். புழுதி அடங்கியதும் பார்த்தால் பந்து அவன் கையில் இருந்தது. என்னை அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது தையல்காரர் நைனாவிடம் சொன்னார்: “அந்தப் புள்ள கை இருக்கற வரிக்கும் நாம தோக்கப் போறதில்ல மாமா.”

அவர் சும்மா சொன்னதுதான். எனக்கு மட்டும் அது ஆணி அடித்தாற்போல் மனதில் இறங்கியது. தெரு முழுக்கக் கேட்டும் அந்தோணியார் ஏன் கொடுக்கவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. இவர்களுக்குச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை. உபதேசியார் அடிக்கடி சொல்வார், ஜெபம் செய்தால் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும் என்று. எனக்கு உபதேசியார் திரும்பி வர வேண்டும். வகுப்பில் எந்தப் பிள்ளையையும் அடிக்காத ஒரே வாத்தியார் அவர். ஏழாம் நாளும் எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் நான் தெளிவாகக் கேட்டேன். “அந்தோணியாரே, எங்க அண்ணன் கைல பந்து நிக்கக் கூடாது. அந்தக் கையக் கொஞ்சம் கெடுத்துரு.”

கொஞ்சம் என்றுதான் கேட்டேன். பிறகு எத்தனை நாள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் தெரியுமா.

கடைசி ஆட்டத்தன்று காலையில் அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். நான் வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். சிராய்த்த முழங்கையில் தண்ணீர் பட்டதும் உஸ் என்றான். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்: “பாப்பா, வெளில சொல்லாத. எனுக்குக் கோலி நிக்கறது புடிச்சிருக்குது. அந்த மாஸ்டரு கெட்டவரில்ல. எப்புடி உழணும்னு தெனம் தனியாக் கத்துத் தராரு. போலீசு டீமுக்கு எழுதிப் போட்டிருக்காராம், ஆளு எடுக்கறப்ப கூப்டுவாங்களாம்.”

வாளி என் கையிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. அதற்கு அம்மாவிடம் அறை வாங்கினேன். அறை பெரிதாகத் தெரியவில்லை. குருசடிக்கு ஓடினேன். முந்தின நாள் மெழுகெல்லாம் உருகிக் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தது. “நான் கேட்டது வேணாம், வேணாம்” என்று சொன்னேன். மூன்று நாள் கேட்டதை ஒரே நாளில் வேண்டாம் என்றால் செல்லுமா? அது எங்கள் ஞானோபதேசத்தில் இல்லை. கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது?

சாயங்காலம் பாறையில் இடம் இல்லை. அவலூர்பேட்டையிலிருந்து மாட்டு வண்டிகளிலும் சைக்கிளிலும் ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். ராஜகிரி மலையின் நிழல் மைதானத்தில் பாதி வரை வந்திருந்தது. ஆட்டம் ஆரம்பித்து அரைமணி போனபிறகுதான், பாறைக்குப் பின்னால் வேலமரத்தடியில் உபதேசியார் தனியாக நிற்பதைப் பார்த்தேன். மேனேஜர் வேலை போன பிறகு மைதானத்துப் பக்கமே வராதவர். கையில் ஜெபமாலை. நான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“போயி உக்காரும்மா. நான் சொல்லிக்கினு இருக்கேன், நம்ப பசங்க இன்னிக்கு ஜெயிக்கணுமில்ல” என்றார்.

யாருக்காகத் தெருவே தோல்வி கேட்டதோ, அந்த மனிதர் இங்கே ஒற்றை ஆளாக ஜெயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மைதானத்தில் சத்தம், பாறைக்கு ஓடினேன்.

அவலூர்பேட்டைக்காரன் ஒருத்தன் பந்தோடு தனியாக வந்துவிட்டான். அண்ணன் கோலை விட்டு வெளியே வந்து, அவன் காலிலேயே பாய்ந்தான். வந்த வேகத்தில் இரண்டு பேரும் கம்பத்தைத் தாண்டிப் பின்னால் உருண்டார்கள். பாறையின் ஓரம், அந்தக் கூர்மையான ஓரத்தில், அண்ணனின் வலது கை முதலில் விழுந்தது. அதன்மேல் இரண்டு பேர் உடம்பும் விழுந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. பந்து மெதுவாக உருண்டு கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றது.

“கோல்!” என்று ஒரு குரல். எங்கள் பக்கத்திலிருந்து. பத்து நாளாக அடக்கி வைத்த குரல். தொண்டை கிழிய, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முதலில் கத்தியவர் என் நைனா. அவர் பின்னாலேயே தெரு முழுவதும் கத்தியது. அவர் நின்ற இடத்திலிருந்து பந்து மட்டும்தான் தெரிந்திருக்கும். அண்ணன் எழுந்திருக்கவில்லை என்பது தெரிய, நீங்கள் ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம் ஆகியிருக்கும். அந்த ஒரு மூச்சு நேரம் நாங்கள் கைதட்டினோம்.

பிறகு நைனாவின் கை தூக்கியபடியே நின்றது. பாறையில் உட்கார்ந்திருந்த அம்மா, எப்படி வந்தாள் என்று தெரியாமல், அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கை, முழங்கைக்குக் கீழே, மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. டிரில் மாஸ்டர் தன் சட்டையைக் கழற்றிக் கிழித்தார். உபதேசியார் வேலமரத்துக் குச்சி இரண்டை ஒடித்துக்கொண்டு ஓடிவந்தார். முள் குத்தி அவர் கையெல்லாம் ரத்தம். ஒருவர் பிடிக்க ஒருவர் கட்டினார்கள். இரண்டு மேனேஜரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

குதிரை வண்டி வரும்வரை நின்றபோது தையல்காரர் அழுதுகொண்டே உளறிவிட்டார். “உங்குளுக்காகத்தான் உபதேசியாரே வேண்டிக்கினோம். நீங்க திரும்பி வரணும்னுதான்.”

உபதேசியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தெருவை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “எனுக்காகவா? எம் புள்ளைங்க தோக்கணும்னு எம் பேர்ல மெழுவத்தி ஏத்தினீங்களா?” என்றார். சத்தமாகக்கூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, நின்ற வரிசையைப்போல் நான் பார்த்ததில்லை. கோயில் வாசல் தாண்டி வெயிலில் நின்றது. வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஆண்களெல்லாம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு முறை வந்ததும் மரத்தடுப்பின் வலைக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டேன். பழைய வார்னிஷ் வாசனை. அண்ணன் கையைப் பற்றி, கொஞ்சம் என்று கேட்டது பற்றி, வாளி விழுந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். “நீயுமாம்மா?” என்றார் சாமியார். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் பயமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இருபத்தெட்டோ முப்பதோ வயது, வந்து இரண்டு மாதம், ஒரு தெரு முழுக்கத் தன்னிடம் பேசப் பயந்து அந்தோணியாரிடம் போயிருக்கிறது. மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். “அப்புறம் போய் அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு” என்றார்.

மந்திரம் அங்கேயே சொல்லிவிட்டேன். மற்றது முடியவில்லை. திண்டிவனம் சாலையில் எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் குழைத்துப் பூசிக் கட்டியிருந்தார். விரல் நீலம் பாய்ந்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், கையை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தினமும் விடிந்ததும் நான்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். ஐந்து விரலும் கட்டுக்கு வெளியே வீங்கிக்கொண்டு தெரியும். நகத்தை ஒவ்வொன்றாக அழுத்தி வெளுத்துச் சிவக்கிறதா என்று பார்ப்பேன். சிவக்க நேரமாகிற நாளில் எனக்கு மூத்திரம் முட்டும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து என் விரலையே அழுத்தி அழுத்திப் பார்ப்பேன்.

விரல் நீலம் பாயவில்லை. கை தங்கியது. ஆனால் முழங்கை நேராகவே நீளவில்லை, போலீஸ் டீமும் இல்லை என்றாகிவிட்டது. டிரில் மாஸ்டர் மாற்றல் கேட்டுப் போய்விட்டார். போகும்போது வீட்டுக்கு வந்து அண்ணனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சாமியார் தாமே நடந்து போய்ப் பந்தை உபதேசியாரிடம் நீட்டினாராம். நாங்கள் கேட்டபடியே எல்லாம் நடந்தது பாருங்கள். உபதேசியார் மட்டும் வேண்டாம் சாமி என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அந்தப் பந்து என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

அண்ணனிடம் நான் சொன்னது கட்டு போட்ட பத்தாம் நாள் போல. மத்தியானம். அம்மா ஆற்றுக்குத் துணி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். நைனா வாசலில் அண்ணனுக்குக் கொடுக்க நாட்டுக்கோழியின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஈர இறகு வாசனை உள்ளே வந்தது. நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அண்ணன் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாரும்தான வேண்டிக்கினாங்க” என்றான்.

“அவுங்கல்லாம் டீமு தோக்கணும்னு வேண்டிக்கினாங்கண்ணா. நான் உங் கையச் சொன்னேன்.”

“போடி பைத்தியம்” என்றான். அவ்வளவுதான். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல்லை அவன் சுண்டுவிரலால் தள்ளிவிட்டான். எனக்கு அழுகையாக வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தேன்.

“பாப்பா” என்று கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “நான் கீழ கெடக்கறப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. கோலுன்னு. மொதல்ல கத்துனது நைனாவா?”

வாசலில் நைனா இறகு பிடுங்குவதை நிறுத்தவில்லை. அவர் காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கை ஒடிந்தபோதுகூட அவன் முகம் அப்படி இல்லை.

“இல்லண்ணா. தையக்காரரு” என்றேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். “அதானே” என்றான்.

அதற்குப் பிறகு தையல்காரரிடம் அண்ணன் பேசவில்லை. அவர் வீடு தேடி வந்து அழுதபோதும் பேசவில்லை. தன் கல்யாணச் சட்டையைத் திண்டிவனத்தில் தைத்தான். அவர் செத்தபோது தெருவே கல்லறைக்குப் போனது, அண்ணன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான். நைனா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருடமும் அந்த வளைந்த கையால் கஞ்சி ஊட்டியவன் அவன்தான்.

எத்தனையோ சாமியார்கள் வந்து போய்விட்டார்கள். இந்தப் பொய்யை ஒருவரிடமும் நான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. சொன்னால், போய் அண்ணனிடம் நீயே சொல்லிவிடு என்பார்கள். அண்ணன் இருக்கிறான். கண் சுத்தமாகத் தெரிவதில்லை, நாள் தவறாமல் பேப்பர் முதல் கல்யாணப் பத்திரிகை வரை நான்தான் படித்துக் காட்டுகிறேன். நாலு நாளாக என்னத்தையோ எழுதிக்கொண்டிருக்கிறாயே, படி கேட்கலாம் என்று இன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.